கிராஞ்சிக் கரையில் அரிய பறவை: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை

சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் இலையுதிர்காலம் முடிந்து குளிர் இறங்கும்போது, அதன் பலன் சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் வந்து இறங்கும். கிராஞ்சி நீர்த்தேக்கம், அதன் வடமேற்குக் கரையை ஒட்டிய கிராஞ்சி சதுப்புநிலம், அணைக்கு வெளியே ஜோகூர் நீரிணையின் சேற்றுத்திட்டு, அதற்கு மேற்கே சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். நன்னீர், உவர்நீர், நாணல், அலையாத்திக்காடு எல்லாம் சில கிலோமீட்டருக்குள். கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் வரும் பறவைக்கு இதைவிட வசதியான இடம் தீவில் குறைவு.

அரிய பறவை என்பது இடத்தைப் பொறுத்தது. கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ பார்த்துப் பழகியவர்கள் இங்கே முதலில் தடுமாறுவது இதில்தான். அங்கே கூட்டம் கூட்டமாக ஓடும் கொசு உள்ளான், அதாவது லிட்டில் ஸ்டின்ட், சிங்கப்பூரில் அரிய வரவு. இங்கே சாதாரணமாக வருவது ரெட்-நெக்ட் ஸ்டின்ட். அங்கே குளத்துக்குளம் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையை இங்கே கண்டு துள்ளிக் குதிக்க வேண்டாம். சுங்கை பூலோவில் பறக்கும் மஞ்சள்மூக்கு நாரையும் பால்நிற நாரையும் பெரும்பாலும் விலங்குத் தோட்டத்திலிருந்து வெளியே பறந்து பெருகியவற்றின் வழி வந்தவை. இரண்டும் கலந்த கலப்பினமும் உண்டு. ஆகவே ஊர்ப் பட்டியலை மறந்துவிட்டு, சிங்கப்பூர்ப் பட்டியலில் எது சாதாரணம், எது இல்லை என்று ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடலேற்ற நேரம் தெரியாமல் போகாதீர்கள்

இங்கே வெறுங்கையோடு திரும்புபவர்களில் பாதிப்பேர் தவறான நேரத்துக்குப் போனவர்கள். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும்போது, சேறு முழுவதும் திறந்து கிடக்கும். கரைப்பறவைகள் மண்டாய் வரை சிதறி மேயும், பெரிய தொலைநோக்கியிலும் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏறிச் சேறு மூடியதும் நிற்க இடமில்லாமல் சுங்கை பூலோவின் குளங்களுக்குள் வந்து கூட்டமாக ஒதுங்கும். நூறு பறவை அருகில் அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் நடுவில் நிற்கும் வேற்றாளைப் பிடிக்க முடியும்.

உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, பறவைகளுக்குத் தெரியாமல் பார்ப்பதற்கான மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். பறவைகள் உள்ளே வரும்போது சிறகின் அடிப்புறமும் வாலும் தெரியும். வந்து நின்றபின் பலது அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கிவிடும், பிறகு அடையாளம் காண்பது பாடு. உச்சத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வரை இருந்தால் போதும்.

ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணி என்றால் நாளை 9.50. ஏழு நாளில் இது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகிவிடும். அதாவது, போன சனிக்கிழமை காலை 9 மணிக்குக் குளம் நிறையப் பறவை இருந்ததே என்று இந்தச் சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போனால், அப்போது வற்றம் நடந்துகொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்துப் போனால் மறுபடி பொருந்தும். எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும்: அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் மிக உயரம், சேறு முழுக்க மூடும். அஷ்டமி ஒட்டிய நாட்களில் ஏற்றம் தாழ்வு. வெளியிலேயே நிற்கச் சேறு மிஞ்சுவதால் பறவைகள் குளத்துக்கு வராமலே இருந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் அட்டவணையின் நேரம் பெரும்பாலும் தெற்குத் துறைமுகத்துக்கானது. ஜோகூர் காஸ்வே என்ற கரைச்சாலை நீரிணையை நடுவில் அடைத்திருப்பதால் கிராஞ்சிப் பக்கத்து நீர் மேற்கே துவாஸ் வழியாக வந்து அவ்வழியே திரும்புகிறது. அதனால் நேரத்தில் அரை மணி முன்பின் இடம் விட்டுக்கொள்ளுங்கள். குளங்களின் நீரை மதகு வைத்துக் கட்டுப்படுத்துவதும் நினைவிருக்கட்டும். இவை முன்பு இறால் பண்ணைக் குளங்கள். ஏதாவது ஒரு குளத்தில் நீர் அதிகமாக நின்றால், ஏற்றம் சரியாக இருந்தாலும் அங்கே காலூன்ற இடம் இருக்காது. அடுத்த மறைவிடத்துக்கு நடங்கள்.

நவம்பரில் காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் உச்சம் வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விடிவது 6.45 அளவில், சுங்கை பூலோ திறப்பது 7 மணிக்கு. முதல் இரண்டு மணி நேரத்தைக் காட்டுப்பறவைகளுக்குக் கொடுத்துவிட்டு மறைவிடத்துக்குப் போகலாம். மாலை உச்சம் வரும் நாட்களில் இடிமழை பெரும்பாலும் ஆட்டத்தைக் கலைத்துவிடும்.

போவது, நிற்பது

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்து, நீர்த்தேக்கக் கார் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து அணையும் சுங்கை பூலோவின் கிராஞ்சி வே நுழைவாயிலும் நடக்கும் தூரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பேருந்துத் தடம் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவிலிருந்து பள்ளி விடுமுறை. ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் மறைவிடத்தில் நிற்க இடம் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

முதலில் அணை. கடல் பக்கம் பார்த்து நின்றால் வடக்கே பார்க்கிறீர்கள். இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சம் நாள் முழுவதும் முதுகுப்பக்கமே இருக்கும். நிழலுருவாகப் பார்க்கும் தொல்லை இல்லை. நீரில் நட்ட கம்பங்களில் விரால் அடிப்பான், அதாவது ஆஸ்ப்ரே, உட்கார்ந்திருக்கும். பின்னால் திரும்பி நீர்த்தேக்கத்தின் மேல் ஆலாக்கள் பறக்கின்றனவா என்று பாருங்கள். அங்கிருந்து சுங்கை பூலோவுக்குள் நுழைந்து, பெரிய பாலம் தாண்டி, முதன்மை மறைவிடம். வலசைப் பறவைத் தடம் சுமார் 2 கிலோமீட்டர். முழுதும் சுற்ற ஆசைப்படாதீர்கள். ஒரே மறைவிடத்தில் இரண்டு மணி நேரம் இருப்பவருக்குத்தான் அரியது கிடைக்கும்.

பாலத்தடியிலும் குளக்கரையிலும் உவர்நீர் முதலை உண்டு. தடத்தை விட்டு இறங்கக்கூடாது, படம் எடுக்கக் கரையோரம் குனியக்கூடாது. குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்தைத் தெரிந்துவைத்திருக்கின்றன. இட்லிப் பொட்டலத்தைப் பைக்குள் ஆழமாக வையுங்கள்.

கூட்டத்தில் வேற்றாளைப் பிடிப்பது

கூட்டத்தை மூன்று முறை இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் உருவ அளவு மட்டும்: எது பக்கத்தில் நிற்பதைவிடப் பெரிது, எது சிறிது. இரண்டாவதில் அலகு. மூன்றாவதில் கால். எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க முயன்றால் கண் சோர்ந்து, முப்பதாவது பறவைக்கு மேல் எல்லாம் பவளக்காலியாகவே தெரியும்.

அளவுகோலாக மூன்று சாதாரணப் பறவையை நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பவளக்காலி, அதாவது காமன் ரெட்ஷேங்க்: சிவந்த கால், பறந்தால் சிறகின் பின்னோரம் முழுக்க அகன்ற வெள்ளை. பசிபிக் கோல்டன் பிளோவர் என்கிற பொன்னிற உப்புக்கொத்தி: குட்டை அலகு, நிமிர்ந்த நிலை, மஞ்சள் பூசிய முதுகு. விம்பிரல் என்கிற சிறு கோட்டான்: கீழ்நோக்கி வளைந்த அலகு, தலையில் கோடு, பறக்கும்போது ஒரே சுருதியில் ஏழெட்டுத் தடவை விட்டுவிட்டு ஒலிக்கும் சீழ்க்கை. இந்த மூன்றும் கைவந்துவிட்டால் வித்தியாசமானது தானாகக் கண்ணில் படும். இவை தெரியாமல் அரியதைத் தேடுவது வீண் வேலை.

பொன்னிற உப்புக்கொத்திக் கூட்டத்தில் கொஞ்சம் பருத்து, வெளிறிச் சாம்பலாக ஒன்று நின்றால் அது சிறகு தூக்கும் வரை காத்திருங்கள். அக்குளில் கறுப்புத் திட்டு தெரிந்தால் கிரே பிளோவர், சந்தேகமே வேண்டாம்.

மணல் உப்புக்கொத்திகளில், அதாவது சாண்ட் பிளோவர்களில், அலகை அளக்க வேண்டும். அலகின் நீளம், அலகடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தைவிடத் தெளிவாக அதிகம், காலும் வெளிறிய பச்சை-மஞ்சள் என்றால் கிரேட்டர். அலகு குட்டை, கால் கருஞ்சாம்பல் என்றால் முன்பு லெஸ்ஸர் என்று ஒரே பெயரில் இருந்தது; இப்போது அதைச் சைபீரியன், திபெத்தன் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நவம்பரின் மங்கிய உடையில் இந்த இரண்டையும் பிரிப்பது வல்லுநர்களுக்கே சிக்கல். இ-பேர்ட் என்ற இணையப் பதிவேட்டின் பட்டியலில் இரண்டுக்கும் பொதுவான 'சைபீரியன்/திபெத்தன்' தேர்வு இருக்கிறது, அதையே போடுங்கள்.

கரைப்பறவைகளில் மூக்கன்களும் (காட்விட்) டாவிட்சரும்தான் இங்கே அதிகம் குழப்புவது. ஏசியன் டாவிட்சர் உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய பட்டியலில் இருப்பது. இந்தக் குளங்களில் ஒன்றிரண்டாக வரும், பெரும்பாலும் மூக்கன் கூட்டத்தின் ஓரத்தில். இரண்டுக்கும் நீண்ட அலகு, பழுப்பு-சாம்பல் உடல். மூக்கனின் அலகு அடிப்பாதி இளஞ்சிவப்பு, நுனிப்பாதி கறுப்பு. பட்டைவால் மூக்கனுக்கு நுனி லேசாக மேல்நோக்கி வளையும். டாவிட்சரின் அலகு நேராக, அடி முதல் நுனி வரை கறுப்பாக, நுனியில் சற்று உப்பியதுபோல் இருக்கும். கால் கறுப்பு, உருவம் மூக்கனைவிடச் சிறிது. அது மேய்வதைப் பார்த்துவிட்டால் அலகைக்கூடப் பார்க்க வேண்டாம்: உடலை முன்னால் சாய்த்து, அலகைச் செங்குத்தாக, தையல் இயந்திர ஊசி இறங்குவதுபோல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே நகரும். மூக்கன் அங்கொன்று இங்கொன்றாகத் துழாவும். வரும் தவறு ஒன்றே: சேறு அப்பிய மூக்கன் அலகு முழுக் கறுப்பாகத் தெரியும். அது அலகை நீரில் அலசும் வரை பொறுங்கள்.

அடுத்தது நார்ட்மன்ஸ் கிரீன்ஷேங்க். ஓகோட்ஸ்க் கடலோரம் முட்டையிடும், அழியும் ஆபத்தில் உள்ள இனம். சாதாரணப் பச்சைக்காலி, அதாவது காமன் கிரீன்ஷேங்க், ஒவ்வொன்றையும் இதற்காகச் சோதிப்பது நல்ல பழக்கம், ஆனால் பத்தில் பத்தும் சாதாரணமாகவே முடியும். பார்க்க வேண்டியது கால் மூட்டுக்கு மேலே: நார்ட்மன்ஸுக்கு அந்தப் பகுதி குட்டை, அதனால் பறவை தாழ்ந்து, பருத்துத் தெரியும். கால் மஞ்சள் சாயல். அலகு அடியில் தடித்து, இரண்டு நிறமாக இருக்கும். பறக்கும்போது சாதாரணப் பச்சைக்காலியின் பாதம் வாலுக்கு வெளியே நன்றாக நீளும், நார்ட்மன்ஸுக்கு அவ்வளவு நீளாது. சாதாரணப் பச்சைக்காலி மூன்று தடவை தெளிவாகக் கூவும். அந்தக் கூவல் கேட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வயிறு வரை நீரில் நிற்கும் பச்சைக்காலி எல்லாமே குட்டைக்காலாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆய்வாளர்கள் காலில் வண்ணக்கொடி மாட்டிவிட்ட பறவை தென்பட்டால், அது சாதாரண இனமாக இருந்தாலும் அரிய காட்சியைவிட மதிப்புள்ளது. எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள், கொடியில் எழுத்து உண்டா என்று வரிசை மாறாமல் எழுதுங்கள். சுங்கை பூலோவில் தடமறியும் கருவி பொருத்திய பவளக்காலிகள் இமயத்தைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போவது தெரியவந்தது இப்படித் தனித்தனிப் பறவையைப் பின்தொடரும் வேலையால்தான்.

நீர்த்தேக்கக் கரையும் சதுப்புநிலமும்

கிராஞ்சி சதுப்புநிலம் 56.8 ஹெக்டர், 2016 பிப்ரவரியில் திறந்தது. மையப் பகுதிக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். பொதுமக்களுக்கு வெளிப்பகுதியும் 10 மீட்டர் உயரக் கோபுரமும். இங்கே ஏற்ற அட்டவணை தேவையில்லை, கடிகாரம் போதும். 7 மணியிலிருந்து 8.30 வரை நாணலில் ஒலிக்கும் கதிர்க்குருவி, கருந்தலை மீன்கொத்தி, பழுப்புக் கீச்சான். நாணலிலிருந்து திடீரென எழுந்து பறக்கும் குருகுகளை முதுகைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்: மஞ்சள் குருகின் சிறகோரம் அழுத்தமான கறுப்பு, செங்குருகு மேலெல்லாம் ஒரே செம்பழுப்பு, முதுகு கருஞ்செம்பழுப்பு, சிறகோரம் சாம்பல் என்றால் வான் ஷ்ரென்க்ஸ் பிட்டர்ன், உடனே நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள்.

10 மணிக்கு மேல் தரை சூடாகி வெப்பக் காற்று எழும்பும். அதைப் பிடித்து வேட்டைப்பறவைகள் சுழன்று ஏறும். 2 மணி வரை கோபுரத்தில் நிற்பதற்குப் பலன் உண்டு. தேன் பருந்து அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் நிறைய வரும்: சிறு தலை, நீட்டிய கழுத்து, நீண்ட வால். சிறு வல்லூறு வகைகளில் நிறத்தை நம்பாதீர்கள், சிறகு நுனியில் விரித்த விரல்களை எண்ணுங்கள். ஆறு என்றால் இங்கேயே வாழும் கிரெஸ்டட் கோஸாக், ஐந்து என்றால் ஜப்பானிய வல்லூறு, நான்கும் கூரிய கறுத்த நுனியும் என்றால் சீன வல்லூறு. எண்ணுவதற்குக் கண் போதாது. ஒரே மூச்சில் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள்.

பூனைப்பருந்து என்று பதிவாகும் படங்களில் கணிசமானவை இளம் செம்பருந்து. இளசு முழுக்கப் பழுப்பு, சிறகடியில் வெளிறிய திட்டு, பார்த்ததும் ஏமாற்றும். இங்கே வரும் பூனைப்பருந்தான ஈஸ்டர்ன் மார்ஷ் ஹாரியர் நாணல் மேல் தாழ்வாக, சிறகை ஆங்கில 'வி' எழுத்துபோல் தூக்கி மிதக்கும். செம்பருந்து சிறகைத் தட்டையாகவோ சற்று வளைத்தோ வைத்திருக்கும், வாலும் குட்டை.

இடி கேட்டதும் கோபுரத்தை விட்டு இறங்குங்கள். மழை விட்ட முதல் அரை மணி நேரம் நனைந்த பறவைகள் சிறகுலர்த்த வெளியே வந்து உட்காரும். அப்போது திரும்பி ஏறலாம்.

கருவிகள்

8x42 பைனாகுலர் போதும். குளத்துக்கு 20-60 மடங்கு ஸ்கோப் இருந்தால் நல்லது, ஆனால் 9.30க்கு மேல் சேற்றின்மேல் கானல் நடுங்கும். அப்போது 60 மடங்குக்குப் போகாமல் 25-30ல் நிறுத்துங்கள். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் கண்ணாடி பூத்துப்போகும். கடைசிப் பத்து நிமிடம் அதைப் பைக்குள் மூடியே வைத்திருந்து, இறங்கிச் சற்று நேரம் கழித்துத் திறங்கள். வீட்டில் உலர்பெட்டி இல்லையென்றால் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா. பூஞ்சை பிடித்த வில்லை திரும்பாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, முழுக்கைச் சட்டை.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000, நிற்பதற்கு 1/500 போதும். வெளிறிய வானத்தின் முன் பறக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள், இல்லையென்றால் அடிப்புறம் கரிக்கட்டையாகிவிடும்.

பதிவு

அரியது என்று தோன்றினால் முதல் நிமிடத்தில் ஒரு சான்றுப்படம், மங்கலானாலும் சரி. இரண்டாவது நிமிடத்தில் புத்தகத்தையும் செயலியையும் திறக்காமல் பார்த்ததை எழுதுங்கள்: நேரம், ஏற்ற நிலை, தூரம், வெளிச்சத்தின் திசை, பக்கத்தில் நின்ற இனத்தோடு ஒப்பிட்ட அளவு, அலகு, கால், செய்த வேலை, கத்திய விதம். படத்தைப் பார்த்தபின் எழுதினால் படத்தில் இருப்பதைக் கண்ணில் பார்த்ததாக மனம் சேர்த்துவிடும். பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி தரும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கத்துவதால் ஒலியை வைத்து வரும் பெயர் தவறிப்போவது சாதாரணம்.

இ-பேர்டில் சுங்கை பூலோவுக்கும் சதுப்புநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போடுங்கள். அரிய இனத்தின்கீழ் 'நன்றாகப் பார்த்தேன்' என்று எழுதினால் சரிபார்ப்பவருக்கு உதவாது. எந்த அடையாளத்தால் நெருங்கிய இனத்தை விலக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் உடனே குழுவில் பரப்ப வேண்டியதில்லை. ஓய்வெடுக்கும் பறவையைச் சுற்றி முப்பது பேர் நின்றால் அது பறந்துவிடும். குரல் பதிவை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், புழு வைத்துப் படம் எடுப்பதும் கூடாது. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் காட்டுயிருக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

வீட்டு நடைபாதையில் வந்து விழுவது

இந்தப் பருவத்தின் சில நல்ல பறவைகள் சதுப்புநிலத்துக்கே வராமல் வீவக அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரத்தில் கிடக்கும். இரவில் பறக்கும் புளூ-விங்ட் பிட்டா, சைபீரியன் புளூ ராபின், ஈப்பிடிப்பான் போன்றவை விளக்கிலும் கண்ணாடியிலும் மோதும். உயிர் இருந்தால் துணி போட்டு மெல்ல எடுத்து, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் புகட்டக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, புழு எதுவும் வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600ஐ அழையுங்கள். கழுகு அளவுப் பறவை தரையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் கையால் தொடாமல் தூரத்தில் நின்று அழைக்க வேண்டும். 2021 டிசம்பர் கடைசியில் ஆர்ச்சர்ட் பகுதியில் இறங்கிய சினேரியஸ் வல்ச்சர் அப்படித்தான் மீட்கப்பட்டது, சிங்கப்பூரில் அந்த இனத்தின் முதல் பதிவு அது. இறந்து கிடந்தால் மேலும் கீழுமாக இரண்டு படம், பக்கத்தில் அளவுக்கு ஈஸி-லிங்க் அட்டை ஒன்று, புளோக் எண், எந்தப் பக்கச் சுவர், கண்டெடுத்த நேரம் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள்.